எண்ணெய் கேட்காத கடிகாரம்

கடிகாரம் பழுது பார்க்கிறவன் கைக்கு முதலில் பழகுவது எண்ணெய்தான். மதுரையில் அப்பாவின் கடையில் நான் உட்கார்ந்திருந்த காலத்தில் வாடிக்கையாளர்கள் கேட்டதும் அதைத்தான்: "ஓடிட்டு ஓடிட்டு நிக்குது, கொஞ்சம் ஆயில் போட்டுக் குடுங்க தம்பி." மிஷினைப் பிரித்து, பெட்ரோலில் கழுவி, துடைத்துப் பூட்டி, ஒவ்வொரு பிவட்டிலும் ஊசி முனையால் ஒரு சொட்டு வைத்துவிட்டால் பெரும்பாலான கடிகாரங்கள் ஓடிவிடும். கடையை மூடிய பிறகு பழைய கடிகாரங்களை மியூசியங்களுக்காகச் சரிசெய்யும் வேலைக்குப் போனேன். அங்கே எனக்குப் பெரிய இடைஞ்சலாக இருந்தது அறியாமை அல்ல, இந்தக் கைப்பழக்கம்தான். பழைய மிஷின் ஒன்று மேசைக்கு வந்ததுமே கை எண்ணெய்க் கிண்ணத்தைத் தேடும்.

அப்படித் தேடுகிற கையைப் பிடித்து நிறுத்துகிற கடிகாரங்கள் சில உலகத்தில் இருக்கின்றன. இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் பிராக்கிள்ஸ்பி பார்க் என்றொரு எஸ்டேட். அங்கே குதிரை லாயத்தின் மேல் ஒரு கோபுரக் கடிகாரம், 1722 வாக்கில் வைத்தது. பெரும்பகுதி மரம். பல்சக்கரங்கள் ஓக் மரத்தில். அச்சு சுழல்கிற இடங்களில் லிக்னம் விட்டே என்ற வெப்பநாட்டு மரம். தண்ணீரில் போட்டால் மூழ்கிப்போகும் அளவுக்குக் கனமானது. அதன் உள்ளேயே பிசின் போன்ற கொழுப்பு ஊறிக்கிடக்கும். வெளியிலிருந்து ஒரு சொட்டு எண்ணெய்கூட வேண்டியதில்லை. முந்நூறு வருடத்துக்குப் பிறகும் அந்தக் கடிகாரம் இருக்கிறது, ஓடுகிறது. செய்தவர் கடிகாரத் தொழில் படித்தவர் அல்ல, தச்சர். பெயர் ஜான் ஹாரிசன்.

அந்தக் காலத்து எண்ணெய் எப்படிப்பட்டது என்று தெரிந்தால் அவர் ஏன் அதை ஒதுக்கினார் என்பது புரியும். விலங்குக் கொழுப்பும் தாவர எண்ணெயும்தான். குளிரில் உறையும், நாளானால் பிசுக்காகும், பித்தளையோடு சேர்ந்து பச்சை பூக்கும். கடிகாரத்தின் ஓட்டம் மாறுவதற்கு அது ஒரு பெரிய காரணம். நல்ல எண்ணெய் தேடித் திரிவதை விட்டுவிட்டு, எண்ணெய் தேவைப்படாத மிஷினைச் செய்துவிட்டார் ஹாரிசன். தொழில் கற்றவனுக்கு இந்த எண்ணமே வராது. எனக்கு வந்திருக்காது.

ஹாரிசன் பெயர் இன்று தெரிந்திருப்பது கடலுக்காக அவர் செய்த நான்கு கடிகாரங்களால். அந்தக் கதை பல புத்தகங்களில் வந்துவிட்டது, படமாகவும் வந்தது. ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். பூமி ஒரு பாகை திரும்ப 4 நிமிடம் ஆகிறது. சென்னை கிரீனிச்சுக்குக் கிழக்கே 80 பாகைக்குச் சற்று மேல். ஆகவே சென்னையில் சூரியன் உச்சிக்கு வருவது கிரீனிச்சைவிட 5 மணி 21 நிமிடம் முன்னால். இதையே திருப்பிப் போட்டால், கிரீனிச்சின் நேரத்தைக் கெடாமல் சுமந்துவரும் கடிகாரம் ஒன்று கப்பலில் இருந்தால் நடுக்கடலிலும் தீர்க்கரேகையைக் கணக்குப் போட்டுவிடலாம். சென்னை இருக்கும் அட்சரேகையில் கடிகாரம் ஒரு நிமிடம் பிசகினால் இடம் சுமார் 27 கிலோமீட்டர் பிசகும். 1707இல் இருக்கும் இடம் சரியாகத் தெரியாமல் சில்லி தீவுப் பாறைகளில் பிரிட்டிஷ் கப்பற்படையின் நான்கு கப்பல்கள் மோதி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாலுமிகள் செத்துப்போனார்கள். 1714இல் பார்லிமென்ட் சட்டம் போட்டுப் பரிசு அறிவித்தது. அரைப் பாகைக்குள் தீர்க்கரேகை சொல்லும் வழிக்கு 20,000 பவுண்ட். ஆறு வாரக் கடல் பயணத்துக்கு அதைக் கணக்குப் போட்டால், ஆடுகிற கப்பலில், வெயிலிலும் குளிரிலும், நாளைக்கு 3 வினாடிக்கு மேல் தவறக் கூடாது. எங்கள் கடையில் நல்ல கைக்கடிகாரம் ஒன்றை ரெகுலேட் பண்ணிக் கொடுக்கும்போது நாளைக்கு அரை நிமிடத்துக்குள் நின்றால் அப்பா திருப்தியாகிவிடுவார்.

ஹாரிசனின் முதல் கடற்கடிகாரம் 1735இல் முடிந்தது. இன்று எச்1 என்கிறார்கள். 34 கிலோ எடை. 1736இல் லிஸ்பனுக்குக் கப்பலில் போய்வந்தது. திரும்பும்போது கரை தெரிந்ததும் இது எந்த முனை என்று மாலுமிகள் சொன்னது தவறு, ஹாரிசன் சொன்னதே சரி என்று ஆனது. எச்2 இன்னும் கனம், கடலுக்குப் போகவே இல்லை. எச்3இல் அவர் 19 வருடம் சிக்கிக்கொண்டார். பிறகு 1759இல் எச்4: 13 சென்டிமீட்டர் விட்டம், ஒன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு, பார்வைக்குப் பெரிய பாக்கெட் கடிகாரம். 1761இல் புறப்பட்டு ஜமைக்கா போய்ச்சேர்ந்தபோது 81 நாளில் சுமார் 5 வினாடிதான் பிந்தியிருந்தது. பரிசுக்குப் பொறுப்பான வாரியம் அதைத் தருவதில் செய்த இழுபறி தனிக் கதை. எனக்கு வேண்டியது 1766 மே மாதம் நடந்தது. ஹாரிசன் வீட்டிலிருந்து மூன்று பெரிய மிஷின்களையும் கிரீனிச் வானாய்வகத்துக்கு எடுத்துப்போக ஆட்கள் வந்தார்கள். இறக்கும்போதே எச்1 கை தவறிக் கீழே விழுந்தது. மற்றவை கல் பாவிய தெருவில் கட்டை வண்டியில் போயின. முப்பது வருட உழைப்பு.

அதற்குப் பிறகு ஒன்றரை நூற்றாண்டு அவற்றை யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. குரோனோமீட்டர் எனப்படும் கப்பல் கடிகாரங்களை மற்றவர்கள் வேறு வழியில், மலிவாகச் செய்யக் கற்றுக்கொண்டார்கள். தேவை தீர்ந்த பொருள் வானாய்வகத்தின் ஒரு மூலையில் கிடந்தது.

1920இல் ஒருவர் கேட்டார். ரூபர்ட் கூல்ட், பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி, வயது 30 நெருங்கிக்கொண்டிருந்தது. 1914இல் போர் தொடங்கியபோதே நரம்புத் தளர்ச்சி வந்து கப்பல் வேலையிலிருந்து விலக்கப்பட்டு, கடல் வரைபடத் துறையில் மேசை வேலையில் இருந்தார். குரோனோமீட்டரின் வரலாற்றை எழுதத் தகவல் திரட்டியவர், ஹாரிசனின் மிஷின்களைப் பார்க்கப் போனார். போன இடத்தில் கண்ட நிலை பொறுக்காமல், அரச வானியலாளர் ஃபிராங்க் டைசனிடம், நானே சுத்தம் செய்து தருகிறேன், கொடுங்கள் என்றார். கூலி வேண்டாம் என்றார். டைசன் கொடுத்துவிட்டார்.

இந்த இடத்தை ஒவ்வொரு முறை நினைக்கும்போதும் எனக்குக் கொஞ்சம் பதறும். கூல்டுக்குக் கடிகாரப் பட்டறைப் பயிற்சி கிடையாது. ஒரு கல்வெட்டியல் மாணவனிடம் தஞ்சைக் கோயில் கோபுரத்தைப் பிரித்து அடுக்கிப் பார் என்று ஒப்படைத்தது மாதிரி. இன்றைக்கு எந்த மியூசியத்திலும் இப்படி ஒரு விண்ணப்பம் வந்தால் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள், திருப்பி அனுப்புவதும் நியாயம். ஆனால் ஒன்று யோசித்துப் பார்க்கிறேன். 1920இல் அந்த மிஷின்கள் லண்டனின் கைதேர்ந்த கடிகாரக்காரர் ஒருவரிடம் போயிருந்தால்? முதல் வேலையாகப் பளபளவென்று தேய்த்திருப்பார். லிக்னம் விட்டே உருளைகளுக்கு எண்ணெய் வைத்திருப்பார். காணாமல் போன பாகத்துக்குப் பதிலாகத் தனக்குத் தெரிந்த பாகத்தைப் பொருத்தி ஓடவைத்திருப்பார். ஓடவும் செய்திருக்கும். ஆனால் அது ஹாரிசனின் கடிகாரமாக இருந்திருக்காது.

எச்1 மிக மோசம். கடலடியில் பல வருடம் கிடந்து மேலே வந்த பொருள் போல, மரப் பாகங்கள் மேல்கூடப் பச்சையும் நீலமுமாகக் களிம்பு ஏறியிருந்தது. கூல்ட் தொப்பி துடைக்கிற சாதாரண பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு தொடங்கினார். முதல் சுத்தத்திலேயே இரண்டு அவுன்ஸ், அதாவது ஏறக்குறைய 57 கிராம் அழுக்கும் களிம்பும் உதிர்ந்தன. கடிகாரத்திலிருந்து 57 கிராம் அழுக்கு எடுப்பது என்றால் என்ன என்பது தொழிலில் இருப்பவருக்குத்தான் முழுதாக உறைக்கும்.

பித்தளையைச் சுத்தம் செய்வது பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனெனில் இதில்தான் நல்லெண்ணத்தோடு செய்யும் கேடுகள் அதிகம். நம் வீட்டில் புளி போட்டுக் குத்துவிளக்கு தேய்ப்பது போல, கடிகாரக்காரர்களுக்குச் சோப்பும் அம்மோனியாவும் கலந்த கரைசல். பத்து நிமிடம் ஊறப்போட்டால் தங்கமாக மின்னும். அந்த மினுக்கு, மேல்தோலை உரித்ததால் வந்தது. செய்தவரின் அரத் தடம், கோடு கிழித்து அளவெடுத்த அடையாளம் எல்லாம் சேர்ந்தே போகும். இன்னொரு ஆபத்து அம்மோனியாவுக்கே உரியது. பிரிட்டிஷ் இந்தியாவில் ராணுவத்தின் பித்தளைத் தோட்டாக்கள் மழைக்காலத்தில் காரணமில்லாமல் விரிசல் விட்டன. மழைக்குப் பயந்து அவற்றைக் குதிரை லாயங்களில் வைத்திருந்தார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா, அடித்து வளைத்ததால் உள்ளே இறுக்கம் தங்கிய பித்தளையைப் பிளந்தது. இது 1921இல்தான் முறையாக விளக்கப்பட்டது, கூல்ட் பிரஷ்ஷோடு உட்கார்ந்திருந்த அதே காலம். அடித்துச் செய்த பழைய பித்தளையை இன்றும் நான் அம்மோனியாவில் போடுவதில்லை. மென்மையான பிரஷ், ஸ்பிரிட், மூங்கில் குச்சி. களிம்பு இறுகிய இடத்தில் குச்சியைக் கூராக்கி, பூதக்கண்ணாடிக்குக் கீழே கொஞ்சம் கொஞ்சமாக. மத்தியானம் முழுக்க உட்கார்ந்தால் ஒரு ரூபாய்க் காசு அகலம் தேறும்.

எச்4உம் எச்2உம் ஒப்பளவில் சீக்கிரம் முடிந்தன. எச்3 கூல்டை ஆண்டுக்கணக்கில் கட்டிப்போட்டது. 753 பாகம். அதில் சில எதற்காக இருக்கின்றன என்பதே பார்த்ததும் விளங்காது, கடிகாரத் தொழிலில் அதற்கு முன்னும் பின்னும் யாரும் செய்யாதவை. வெப்பத்தைச் சரிக்கட்ட பித்தளையையும் எஃகையும் ஒட்டித் தைத்த பட்டை ஒன்று ஹாரிசன் இதற்காகக் கண்டுபிடித்ததுதான். சூடானால் ஒரு பக்கம் அதிகமாக நீண்டு பட்டை வளையும். அயர்ன்பாக்ஸின் தெர்மோஸ்டாட்டில் இருப்பது அதே பட்டை. உருளைகளைக் கூண்டுக்குள் அடக்கிய பேரிங்கும் அதில்தான் முதலில் வந்தது. நம் ஊர் லேத் பட்டறையில் கழற்றிப்போட்டிருக்கும் ரோலர் பேரிங்குக்கு அது பாட்டன். கூல்ட் இந்த நான்கு மிஷின்களுக்காகவும் 18 நோட்டுப் புத்தகங்கள் நிரப்பினார். எது எங்கே இருந்தது, எந்தப் பக்கம் எதை நோக்கி, எதைக் கழற்றிய பிறகு எதைக் கழற்றலாம் என்று வண்ண மையில் படம் போட்டு எழுதினார்.

நான் அவரிடம் கற்றது எதுவென்றால் இந்த நோட்டுப் புத்தகங்களைத்தான் சொல்வேன். எங்கள் தொழிலில் எழுதும் வழக்கம் கிடையாது. அதிகபட்சம் மூடிக்குள் ஊசியால் தேதியும் ஒரு கிறுக்கல் கையெழுத்தும் கீறுவோம். திரும்பி வந்தால் நம் வேலையா என்று தெரிய வேண்டுமே. பழைய மிஷினைத் திறக்கும்போது அந்தக் கீறல்கள் எனக்கு ஒரு சந்தோஷம், எத்தனை பேர் கைப்பட்டிருக்கிறது என்று வரிசையாக நிற்கும். அவற்றை அழிக்கக் கூடாது என்பதும் மியூசியம் வேலையில் ஒரு விதி. ஆனால் எந்த ஸ்க்ரூ மாற்றியது, எந்தப் புஷ் புதிதாக அடித்தது என்று அந்தக் கீறல் சொல்லாது. கூல்டின் குறிப்புகள் சொல்கின்றன. பின்னால் வந்தவர்கள் அவர் வேலையோடு மாறுபட்டபோதும், எதை மாற்றினார் என்று தெரிந்தே மாறுபட முடிந்தது.

அவர் வாழ்க்கை இதற்கிடையே குலைந்தது. இன்னொரு முறை மனம் நொடிந்தது, மனைவி பிரிந்து நீதிமன்றம் போனார், வேலையும் வீடும் போயின, பிள்ளைகளும் கைவிட்டுப் போனார்கள். மிஷின்கள்தான் கூடவே இருந்தன என்று உருகுகிறவர்கள் உண்டு. மிஷின்களுக்காக அவர் இழந்தது எவ்வளவு என்று அந்த மனைவியிடம் யாராவது கேட்டிருக்க வேண்டும். கடல் பாம்பு பற்றியும் லாக் நெஸ் பூதம் பற்றியும் புத்தகம் எழுதினார், விம்பிள்டனில் டென்னிஸ் நடுவராக இருந்தார், பிற்பாடு பிபிசி வானொலியில் பேசிப் பிரபலமானார். பிடித்ததை விடாத மனிதர், பிடித்தது எது என்பதில் மட்டும் கட்டுப்பாடில்லை.

கடைசியாக எச்1. அதில் என்ன இல்லை என்று பட்டியல் போடுவதைவிட என்ன மிச்சம் என்று போடுவது சுலபம். மெயின் ஸ்பிரிங் இல்லை, அதன் டிரம் இல்லை, சங்கிலி இல்லை, சக்கரத்தை ஒவ்வொரு பல்லாக நகரவிடும் எஸ்கேப்மென்ட் இல்லை, பேலன்ஸ் ஸ்பிரிங்குகள் இல்லை, சாவி கொடுக்கும் அமைப்பே இல்லை. உராய்வைக் குறைக்கும் 24 சக்கரங்களில் ஐந்தைக் காணோம். ஆணி, ஸ்க்ரூ போன்ற சில்லறைப் பாகங்களில் பத்தில் ஒன்று தேறினால் அதிகம்.

இப்படிப்பட்ட மிஷின் கடைக்கு வந்திருந்தால் அப்பா, "கேஸை மட்டும் வெச்சுக்கிட்டு உள்ள குவார்ட்ஸ் மிஷின் போட்டுக்கங்க" என்று அனுப்பியிருப்பார். கூல்டுக்குக் கைகொடுத்தது எச்1இன் அமைப்பு. அதில் ஊசல் கிடையாது. கப்பல் ஆட்டத்தில் ஊசல் நிற்காது. அதற்குப் பதில் இரண்டு முனையிலும் குண்டு வைத்த இரண்டு நீளத் தண்டுகள், நடுவில் அச்சு, நிமிர்ந்து நின்று எதிரெதிராக ஆடும். ஒன்று வலப்பக்கம் சாயும்போது மற்றது இடப்பக்கம். இரண்டையும் மெல்லிய பட்டைகள் இணைக்கின்றன. கப்பல் ஒரு பக்கம் சாய்ந்தால் ஒரு தண்டுக்குக் கிடைக்கும் தள்ளலை மற்றது ஈடுகட்டிவிடும். எல்லாமே இரட்டை. ஆகவே இடப்பக்கம் தொலைந்த பாகத்துக்கு வலப்பக்கத்தில் மாதிரி இருக்கும், அதை அளந்து அப்படியே செய்யலாம். இரண்டு பக்கமும் தொலைந்திருந்தால்? தட்டில் துளை இருக்கும். துளையின் அளவு, தேய்ந்திருக்கும் பக்கம், எதிரில் இருக்கும் பாகத்தின் மேல் உரசிய தடம். எந்தப் பொருள் அங்கே இருந்து ஆடியது என்று துளை பாதி சொல்லும், மீதியை எச்2 சொல்லும், ஏனென்றால் ஹாரிசன் ஒரு மிஷினில் கண்டதை அடுத்ததில் தொடர்ந்தார்.

எஸ்கேப்மென்ட்டைத்தான் நான் நெடுநேரம் யோசித்திருக்கிறேன். சாதாரணக் கடிகாரத்தில் 'டிக்' என்று நாம் கேட்பது பல்லின் மேல் நங்கூர வடிவப் பாகம் விழுந்து வழுக்கும் சத்தம். அந்த வழுக்கலுக்குத்தான் எண்ணெய். ஹாரிசனுடையதை வெட்டுக்கிளி எஸ்கேப்மென்ட் என்பார்கள். கீலில் தொங்கும் இரண்டு கால்கள் மாறி மாறிப் பல்லைப் பிடித்து, அடுத்தது பிடித்ததும் துள்ளி விலகும். வழுக்கலே இல்லை, ஆகவே எண்ணெயும் இல்லை. கால்களின் எடையும் கீலின் இடமும் மயிரளவு மாறினாலும் கால் பல்லைத் தவறவிடும். தவறினால் மெயின் ஸ்பிரிங்கின் முழு விசையோடு சக்கரம் கட்டவிழ்ந்து சுழலும். தொலைந்துபோன இந்த எஸ்கேப்மென்ட்டைக் கூல்ட் புதிதாகச் செய்து பொருத்தினார்.

1933 பிப்ரவரி 1, மாலை 4 மணி. வெளியே மழையும் காற்றும். மாடி அறையில் எச்1 ஓடத் தொடங்கியது, 1767க்குப் பிறகு முதல் முறையாக.

1937 ஏப்ரலில் கிரீனிச்சில் தேசியக் கடல்சார் மியூசியம் திறந்தது, மிஷின்கள் அங்கே போயின. இப்போது நான்கும் மேட்டின் மேல் வானாய்வகத்தின் பழைய கட்டடத்தில் இருக்கின்றன. முதல் மூன்றும் ஓடுகின்றன. எச்1 முன்னால் நின்றால் குண்டுகள் எதிரெதிரே சாய்ந்து திரும்புவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம், நான் நின்ற நேரத்துக்குக் காவலர் இரண்டு முறை என் பக்கம் வந்து போனார். எச்4 நிற்கிறது. கெட்டுப்போய் அல்ல, வேண்டுமென்றே நிறுத்தியிருக்கிறார்கள். அத்தனை சின்ன உருவத்தில் லிக்னம் விட்டேயும் வெட்டுக்கிளியும் அடங்காது. அங்கே ஹாரிசன் மாணிக்கக் கல்லும், பல்லைத் தடுத்துவிடும் வைர பாலெட்டும் வைத்து எண்ணெய் போட்டார். எண்ணெய் போட்டது தேயும், அழுக்காகும், அவ்வப்போது பிரிக்க வேண்டும். ஒவ்வொரு முறை பிரிப்பதும் ஒரு ஆபத்து. எண்ணெய் இல்லாத மூன்றும் ஓடலாம், எண்ணெய் உள்ளது ஓய்வெடுக்கட்டும் என்ற முடிவு எனக்குச் சரி என்றே படுகிறது. தொழில்காரனாக எரிச்சலும் வருகிறது. உலகத்தின் மிக முக்கியமான பாக்கெட் கடிகாரம் எந்தத் தாளத்தில் ஓடியது என்று பார்வையாளனுக்குக் கேட்காது. வினாடிக்கு ஐந்து தட்டல் என்று நான் சொல்லித்தான் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரிய வேண்டும்.

கூல்ட் செய்ததில் பாதிக்கு இன்றைய மியூசியம் அனுமதி தந்திருக்காது. மூலப் பாகம் எது, தான் செய்தது எது என்று பார்த்தவுடன் பிரிக்கும்படி இருக்க வேண்டும். எதைச் சேர்த்தாலும் திரும்ப எடுக்கும்படி சேர்க்க வேண்டும். ஓடவைப்பது கட்டாயமா என்ற கேள்வியை முதலில் கேட்க வேண்டும். இவையெல்லாம் பின்னால் வந்த ஒழுங்குகள், எனக்கு முழுச் சம்மதம். கூல்டின் காலத்தில் ஓடாத கடிகாரம் செத்த கடிகாரம். ஆனாலும் நியாயமாகப் பார்த்தால் அந்த நான்கும் ஓடியதால்தான் மக்கள் ஹாரிசனை நினைவுவைத்திருக்கிறார்கள். நின்றுபோன பித்தளைக் குவியல் முன்னால் யார் நிற்பார்கள்?

நம் பக்கத்தில் ஹாரிசனின் கை நேரடியாகப் பட்ட கடிகாரம் எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் அவர் மூளை இருக்கிறது. 1786இல் வில்லியம் பெட்ரி என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி சென்னையில் தன் செலவில் ஒரு வானாய்வகம் வைத்தார். பிறகு கம்பெனி ஏற்றுக்கொண்டு 1792இல் நுங்கம்பாக்கத்தில் கட்டடம் எழுந்தது. அங்கிருந்த கடிகாரங்களில் ஒன்று லண்டன் ஜான் ஷெல்டன் செய்தது. கேப்டன் குக்கின் பயணத்தில் போனதும் ஷெல்டன் செய்த இதே வகைதான். நுங்கம்பாக்கத்திலிருந்து கொடைக்கானலுக்குப் போன அந்தக் கடிகாரம் அங்குள்ள சூரிய ஆய்வகத்தில் இன்னும் இருக்கிறது. இந்தியத் தீர்க்கரேகைகளுக்கு அடிப்படையாக இருந்தது சென்னை வானாய்வகத்தின் தீர்க்கரேகை. இந்திய ரயில்கள் நெடுங்காலம் ஓடியதும் 'மெட்ராஸ் டைம்' பார்த்து. பொது நேரம் வந்தது 1906இல்.

ஷெல்டனின் இவ்வகைக் கடிகாரங்களில் ஊசல் தண்டு ஒற்றைக் கம்பி அல்ல. எஃகும் பித்தளையும் மாற்றி மாற்றி நிறுத்திய கம்பிச் சட்டம். எஃகு நீண்டு குண்டைக் கீழே இறக்கினால், அதைவிட அதிகமாக நீளும் பித்தளை அதே அளவு மேலே தூக்கும். 1720களில், தான் வாழ்ந்த பாரோ கிராமத்தில் ஹாரிசன் கண்டுபிடித்தது அது. வெறும் எஃகுத் தண்டு ஊசலாக இருந்தால் வெப்பம் ஒரு டிகிரி ஏறும்போது கடிகாரம் நாளைக்கு அரை வினாடி பிந்தும். சென்னையில் மார்கழி விடியலுக்கும் கத்திரி வெயிலுக்கும் பதினாறு டிகிரியாவது வித்தியாசம் வரும். நாளைக்கு 8 வினாடி. வானத்துக் கணக்கில் அது மூன்றரைக் கிலோமீட்டருக்கு மேல். அந்தக் கம்பிச் சட்டம் இல்லாமல் நுங்கம்பாக்கத்துக் கணக்கு நின்றிருக்காது.

ஆனால் ஷெல்டன் ஹாரிசனிடமிருந்து எடுத்துக்கொண்டது ஊசலை மட்டும்தான். எஸ்கேப்மென்ட் அவருடைய எஜமானர் ஜார்ஜ் கிரஹாமுடைய பாணி: கனமான குண்டு, குறுகிய ஆட்டம், எண்ணெய். பிறகு வந்த நூற்றைம்பது வருடத் தொழிலும் அந்த வழியிலேயே போனது. ஊசல் குண்டு கனமாக, ஆட்டம் சின்னதாக இருக்க வேண்டும் என்பது எனக்கும் கேள்வி கேட்காமல் சொல்லித் தரப்பட்டது. ஹாரிசன் நேர் எதிர்: லேசான குண்டு, அகன்ற ஆட்டம், வெட்டுக்கிளி. இறப்பதற்கு முந்தைய வருடம், 1775இல், ஒரு புத்தகம் வெளியிட்டார். வாக்கியங்கள் ஒன்றுக்குள் ஒன்று சிக்கி, படிப்பவரைத் திணறடிக்கும் புத்தகம். தன் முறையில் செய்த ஊசல் கடிகாரம் 100 நாளில் ஒரு வினாடிக்குள் நேரம் காட்டும் என்று அதில் எழுதினார். எண்பது வயது தாண்டிய கிழவரின் உளறல் என்று தொழில்காரர்கள் சிரித்தார்கள்.

1970களில் மார்ட்டின் பர்ஜஸ் என்ற ஆங்கிலேயர் அந்தப் புத்தகத்தின் வழியில், சில நவீன உலோகங்களைச் சேர்த்து, இரண்டு கடிகாரங்களைத் தொடங்கினார். இரண்டாவதை வேறு கைகள் முடித்தன. அதை கிரீனிச் வானாய்வகத்தில் ஒளிபுகும் பெட்டிக்குள் வைத்து, யாரும் தொட முடியாதபடி முத்திரை வைத்து 100 நாள் ஓடவிட்டார்கள். முடிவில் பிசகு ஒரு வினாடியின் எட்டில் ஐந்து பங்கு. 2015 ஏப்ரலில் அறிவித்தார்கள். புத்தகம் வெளிவந்து 240 வருடம் ஆகியிருந்தது.